ஆர்னால்டு 485/786: வெள்ளிக் கூட்டுக்குள் ஒரு லண்டன் கடிகாரம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தக் கடிகாரத்தைப் பற்றிய பக்கம் இது?

ஜான் ஆர்னால்டு என்ற ஆங்கிலேயக் கடிகாரக் கலைஞரின் பட்டறையில் 1794இல் செய்யப்பட்ட பாக்கெட் குரோனோமீட்டர், அதாவது மிகத் துல்லியமாக ஓடும் பாக்கெட் கடிகாரம் ஒன்றைப் பற்றியது. எண் 485/786. 1836 முதல் 1940 வரை, நூற்று நான்கு ஆண்டுகள், பெல்வில் குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக இதைப் பையில் வைத்துக்கொண்டு லண்டன் தெருக்களில் நடந்தார்கள். கிரீனிச் வானாய்வுக்கூடத்தில் சரியான நேரத்தை வாங்கி, கடைகடையாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அதுதான் அவர்கள் பிழைப்பு. கடிகாரத்தை அவர்கள் ஆளைச் சொல்வது போல ‘ஆர்னால்டு’ என்றே அழைத்தார்கள்.

ஆகவே இதில் இரண்டு குடும்பங்கள் உண்டு: செய்த குடும்பம், சுமந்த குடும்பம். பழைய கடிகாரம் என்றதும் பலரும் கூட்டின் பளபளப்பைத்தான் பார்க்கிறார்கள். அந்த இரண்டு குடும்பங்களையும் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஜான் ஆர்னால்டு யார்?

1736இல் கார்ன்வால் பகுதியின் பாட்மின் ஊரில் பிறந்தவர். தந்தையும் கடிகாரத் தொழிலாளிதான். தொழில் வீட்டிலிருந்தே வந்தது. இளவயதில் ஹாலந்துக்குப் போய் வேலை பழகினார். திரும்பி வந்து 1760களின் தொடக்கத்தில் லண்டனின் ஸ்ட்ராண்ட் பகுதியில் கடை திறந்தார். 1764இல் மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்கு அவர் கொடுத்த பரிசு ஊரெங்கும் பேசப்பட்டது: மோதிரத்துக்குள் பதித்த கடிகாரம், அழுத்தினால் மணி அடித்து நேரம் சொல்லும். அரண்மனை வாசல் அதன் பிறகு அவருக்குத் திறந்தே இருந்தது.

மோதிரக் கடிகாரத்தோடு நின்றிருந்தால் இன்று அவரை யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். அவர் மனம் கடலில் இருந்தது. நடுக்கடலில் ஒரு கப்பல் கிழக்கு மேற்காக எங்கே இருக்கிறது என்று அறிய, புறப்பட்ட துறைமுகத்தின் நேரம் கப்பலில் இருக்க வேண்டும். பூமி ஒரு மணிக்கு 15 பாகை சுழல்கிறது. கடிகாரம் ஒரு நிமிடம் தவறினால், நிலநடுக்கோட்டருகே கப்பல் 15 கடல் மைல் தவறிவிடும். பாறையில் மோத அவ்வளவு போதும். ஜான் ஹாரிசன் என்ற முந்தைய ஆங்கிலேயக் கடிகாரக் கலைஞர் இந்தச் சிக்கலைத் தீர்த்துக் காட்டியிருந்தார். ஆனால் அவருடைய கடிகாரம் எளிதில் படியெடுக்க முடியாதது; விலையும் எட்டாதது. அதைப் பலர் கைக்கும் எட்டுகிற பொருளாக மாற்றியதில் ஆர்னால்டின் பங்கு பெரிது.

முதல் முயற்சி தோல்விதான். 1772இல் கேப்டன் குக் இரண்டாவது பயணம் புறப்பட்டபோது ஆர்னால்டின் மூன்று கடிகாரங்கள் கப்பல்களில் சென்றன, மூன்றும் பிசகின. ஹாரிசன் கடிகாரத்தைப் பார்த்து லார்கம் கெண்டல் செய்த பிரதி மட்டும் பிசகாமல் திரும்பியது. வேறொருவர் என்றால் மோதிரக் கடிகாரத்துக்கே திரும்பியிருப்பார். ஆர்னால்டு தம் கடிகாரத்தைப் பிரித்துப் போட்டு அடியிலிருந்து யோசித்தார். 1775இல் ஒரு காப்புரிமை, 1782இல் இன்னொன்று. இடையில், 1779 பிப்ரவரி முதல் 1780 ஜூலை வரையிலான காலத்தில், அவருடைய பாக்கெட் கடிகாரம் ஒன்று கிரீனிச்சில் பதின்மூன்று மாதங்கள் சோதிக்கப்பட்டது. அத்தனை மாதங்களில் சேர்ந்த பிழை இரண்டரை நிமிடங்களை ஒட்டியே இருந்தது. அந்தச் சோதனை முடிவை அவர் சிறுநூலாக அச்சிட்டபோது தலைப்பில் போட்ட சொல்தான் ‘குரோனோமீட்டர்’. இன்று நாம் அந்தச் சொல்லைப் பயன்படுத்தும் பொருள் அங்கிருந்து பரவியது.

குரோனோமீட்டருக்கும் சாதாரணப் பாக்கெட் கடிகாரத்துக்கும் என்ன வேறுபாடு?

வெளியே பார்த்தால் தெரியாது. பின்மூடியைத் திறந்தால்தான் தெரியும்.

சாதாரணக் கடிகாரத்தில், இங்கும் அங்கும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் சக்கரத்தின் மேல் உள்ள ஹேர் ஸ்பிரிங் என்ற மெல்லிய சுருள், கொசுவர்த்திச் சுருளைப் போலத் தட்டையாகச் சுருண்டிருக்கும். ஆர்னால்டின் கடிகாரத்தில் அது பேனாவுக்குள் இருக்கும் ஸ்பிரிங் போல நிமிர்ந்து நிற்கும். கொசுவர்த்தி வடிவச் சுருள் விரியும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து விரிகிறது; அச்சின் மேல் அந்தச் சாய்வு அழுத்துகிறது. நிமிர்ந்த சுருளின் இரு முனைகளையும் மையத்தை நோக்கி அளவாக வளைத்துவிட்டால் எல்லாப் பக்கமும் சீராக விரிந்து சுருங்கும். அந்த முனை வளைவுதான் 1782 காப்புரிமையின் உயிர். துருவுக்குப் பயந்து சில கடிகாரங்களில் இந்த ஸ்பிரிங்கைத் தங்கத்திலேயே செய்தார். தங்கத்துக்கு உண்மையான வேலை கொடுத்த இடம் அது என்று எனக்குத் தோன்றும்.

அடுத்தது வெப்பம். வெயிலில் ஸ்பிரிங் தளரும், கடிகாரம் பின்தங்கும். இதைச் சரிக்கட்ட, பேலன்ஸ் சக்கரத்தின் விளிம்பைப் பித்தளையும் எஃகும் ஒட்டிய பட்டையாகச் செய்து, இரண்டு இடங்களில் வெட்டிவிட்டார்கள். சூட்டில் பித்தளை அதிகம் நீள்வதால் விளிம்பு உள்நோக்கி வளையும். ராட்டினத்தின் ஓரத்தில் நிற்பவர் நடுவுக்கு நகர்ந்தால் ராட்டினம் வேகம் பிடிக்கிறதல்லவா, அதேபோல் சக்கரமும் வேகம் பிடிக்கும். தளர்ச்சியும் வேகமும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும்.

மூன்றாவது, பேலன்ஸ் சக்கரம் ஆடிக்கொண்டே இருக்க அதைத் தட்டிவிடும் டிடென்ட் என்ற அமைப்பு. குழந்தையை ஊஞ்சலில் வைத்து ஆட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். பழைய வெர்ஜ் வகைக் கடிகாரம், ஊஞ்சலை விட்டுக் கையையே எடுக்காதவரைப் போன்றது; தள்ளிக்கொண்டும் தடுத்துக்கொண்டும் இருக்கும். டிடென்ட் அமைப்பில், ஊஞ்சல் இரண்டு பக்கமும் போய்வருவதற்கு ஒரே ஒரு தட்டு. உடனே கையை எடுத்துவிடும். மற்ற நேரமெல்லாம் பேலன்ஸ் சக்கரம் தன்போக்கில் ஆடும். தட்டுகிற இடத்தில் எண்ணெய் போடவும் தேவையில்லை. எண்ணெய் கெட்டியாவதுதான் அந்தக் காலக் கடிகாரங்களின் தீராத நோய். அதிலிருந்து விடுதலை என்பது சிறிய விஷயமல்ல.

டிடென்டைக் கண்டுபிடித்தது ஆர்னால்டா, எர்ன்ஷாவா?

பெரிய சண்டை இது. அதே காலத்து லண்டன் கடிகாரக் கலைஞரான தாமஸ் எர்ன்ஷா, ஸ்பிரிங் வைத்த டிடென்ட் தம்முடைய யோசனை என்றும் ஆர்னால்டு அதை எடுத்துக்கொண்டார் என்றும் இறுதிவரை சொன்னார். இருவர் வடிவங்களும் ஒன்றல்ல. பிற்காலத்தில் எல்லாரும் செய்தது எர்ன்ஷாவின் எளிய வடிவத்தைத்தான். நிமிர்ந்த சுருளும் முனை வளைவும் ஆர்னால்டு வழியாக வந்தவை. கடலில் இடமறியும் வழிகளுக்குப் பரிசு கொடுத்துவந்த அரசின் தீர்க்கரேகை வாரியம் 1805இல் இரு தரப்புக்கும் தலா 3,000 பவுண்டு என்று முடிவுசெய்தது. ஆர்னால்டு முன்பே வாங்கிய தொகை அவர் பங்கில் கழிக்கப்பட்டது. அதற்குள் அவர் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன; மீதியை மகன் பெற்றுக்கொண்டார். வாரியத்தின் தீர்ப்பு நியாயமானது என்பதே என் கருத்து.

மகனும் கடிகாரத் தொழிலில் இருந்தாரா?

ஆம். ஜான் ரோஜர் ஆர்னால்டு, 1769இல் பிறந்தவர். தந்தையிடமே தொழில் பழகினார். பாரிஸில் ஆபிரகாம்-லூயி பிரெகே என்ற கடிகாரக் கலைஞரிடமும் சென்று பயின்றார். பிரெகேயின் மகன் லண்டன் வந்து ஆர்னால்டிடம் பயின்றார். பிரான்சும் இங்கிலாந்தும் பகை நாடுகளாக இருந்த காலத்தில் இரண்டு தகப்பன்மார் தங்கள் பிள்ளைகளை மாற்றி மாற்றி அனுப்பிப் படிக்கவைத்திருக்கிறார்கள்.

அந்த நட்பின் சாட்சி லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிரெகே தாம் புதிதாகக் கண்டுபிடித்த டூர்பியோன் என்ற சுழல் அமைப்பை, ஆர்னால்டின் தொடக்ககாலக் கடிகாரம் ஒன்றுக்குள் பொருத்தி, ஆர்னால்டின் நினைவுக்கு மரியாதை என்று அதன்மேல் பொறித்து, 1808இல் மகன் ஜான் ரோஜரிடம் கொடுத்தார். தொழிலில் போட்டியாளராக இருந்திருக்க வேண்டியவர் செய்த வணக்கம் இது. கடிகார வரலாற்றில் இதைவிட என்னை நெகிழவைத்த பொருள் வேறில்லை.

ஜான் ரோஜர் 1830 முதல் பத்தாண்டுகள் எட்வர்டு ஜான் டென்ட் என்பவரோடு கூட்டாகத் தொழில் செய்தார், 1843இல் காலமானார். பிறகு வியாபாரம் சார்லஸ் ஃப்ரோட்ஷம் கைக்குப் போனது.

485/786 என்ற இரட்டை எண்ணின் பொருள் என்ன?

ஆர்னால்டு தம் புதிய வகைக் கடிகாரங்களுக்குப் பின்னம் போல இரண்டு எண்கள் இட்டார். மேலே இருப்பது அந்த வகையில் எத்தனையாவது என்பது. கீழே இருப்பது பட்டறையின் மொத்த வரிசை. கிரீனிச்சில் பதின்மூன்று மாதம் சோதிக்கப்பட்டது 1/36.

இது முதலில் தங்கக் கடிகாரம் என்கிறார்களே?

உண்மைதான். மூன்றாம் ஜார்ஜின் மகன் சசெக்ஸ் கோமகனுக்காகச் செய்யப்பட்டது என்பதும், அளவு பெரிதாக இருக்கிறது என்று அவருக்கு அது பிடிக்கவில்லை என்பதும் இதைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் செய்திகள். கிரீனிச் வானாய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்த ஜான் ஹென்றி பெல்வில் இதைச் சுமக்கத் தொடங்கியபோது தங்கக் கூட்டைக் கழற்றிவிட்டு வெள்ளிக் கூடு போட்டார். லண்டனின் சந்துபொந்துகளில் நாள் முழுக்க நடக்க வேண்டியவர். திருடன் கண் படக்கூடாது.

கூடு மாறியதால் நேரம் ஒரு நொடிகூட மாறவில்லை.

நேரத்தை விற்பது என்றால் எப்படி?

1830களில் லண்டனில் துல்லியமான நேரம் என்பது கிரீனிச்சில் மட்டும் கிடைக்கும் பொருள். அங்குள்ளவர்கள் விண்மீன்களைப் பார்த்துக் கணித்தார்கள். 1833 முதல் தினமும் பகல் ஒரு மணிக்கு வானாய்வுக்கூடத்தின் உச்சியில் ஒரு பெரிய பந்து கீழே விழும். தேம்ஸ் ஆற்றில் நிற்கும் கப்பல்கள் அதைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொள்ளும். நகரின் உள்ளே இருந்த கடிகாரக் கலைஞர்களின் கண்ணுக்கு அது எட்டாது. அவர்கள் வானாய்வுக்கூடத்துக்கே வந்து கேட்டதில் அங்கே வேலை கெட்டது. அதற்குத் தீர்வாகத்தான் பெல்வில் 1836இல் கடிகாரத்தோடு நேரில் போகத் தொடங்கினார். ஏறக்குறைய 200 வாடிக்கையாளர்கள் சேர்ந்தார்கள்.

அவர் 1856இல் இறந்தார். மனைவி மரியா கடிகாரத்தை எடுத்துக்கொண்டார். கையில் இரண்டு வயது மகள் ரூத். 1892 வரை, முப்பத்தாறு ஆண்டுகள், அந்த அம்மையார் நடந்தார். பிறகு ரூத். அவர் 1940 வரை, எண்பத்தாறு வயது வரை.

ரூத் பெல்வில்லின் ஒரு திங்கட்கிழமையைச் சொல்கிறேன். காலையில் கிரீனிச் குன்றின் மேல் ஏறி, வாயிலில் கடிகாரத்தைக் கொடுப்பார். உள்ளே தலைமைக் கடிகாரத்தோடு ஒப்பிட்டு, ஆர்னால்டு எத்தனை நொடி முன்னே, எத்தனை நொடி பின்னே என்று எழுதிச் சான்றிதழ் கொடுப்பார்கள். முள்ளைத் திருப்பித் திருத்துவதில்லை. பிழை எவ்வளவு என்று தெரிந்தால் போதும். பிறகு கடைகளுக்கு. கைப்பையைத் திறந்து கடிகாரத்தை எடுத்து, இன்றைக்கு ஆர்னால்டு இத்தனை நொடி வேகம் என்று சொல்லி நீட்டுவார். கடைக்காரர் அதைத் தம் தலைமைக் கடிகாரத்துக்குப் பக்கத்தில் பிடித்து, நொடி முள்ளைப் பார்த்து, கணக்கிட்டுக்கொண்டு திருப்பித் தருவார். ரூத் அதைப் பைக்குள் வைத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போவார். கட்டணம் ஆண்டுக்கு 4 பவுண்டு.

தந்தி வந்த பிறகும் ஏன் இதை வாங்கினார்கள்?

1852 முதல் கிரீனிச் நேரம் தந்திக் கம்பியிலும் போனது. பின்னர் கம்பிவழி நேரம் விற்கும் கம்பெனிகளும் வந்தன. கம்பி அறுந்தால் நேரமும் நின்றுவிடும், சந்தா அதிகம். ரூத்தின் கையில் இருந்ததோ, சான்றிதழோடு கண்முன் ஓடும் கடிகாரம். ஏறக்குறைய ஐம்பது வாடிக்கையாளர்கள் இறுதிவரை அவரை விடவில்லை. வானொலியின் ‘பீப்’ ஒலி 1924இல் வந்தது. தொலைபேசியில் நேரம் சொல்லும் குரல் 1936இல் வந்தது. அதற்குப் பின்னும் அவர் நான்கு ஆண்டுகள் நடந்தார்.

அவரை யாரோ இழிவாகப் பேசியதாகக் கேள்விப்பட்டேனே?

1908இல் செயின்ட் ஜான் வின் என்பவர் லண்டனில் ஒரு கூட்டத்தில் பேசினார். ஒரு பெண் இந்தத் தொழிலில் நிலைத்திருப்பது பெண் என்பதால்தான் என்ற பொருள்படப் பேசினார். அவரே தந்திவழி நேரம் விற்கும் ஸ்டாண்டர்டு டைம் கம்பெனியைச் சேர்ந்தவர். அதை அந்தப் பேச்சில் சொல்லவில்லை. பேச்சு ‘தி டைம்ஸ்’ இதழில் வெளியானது. நிருபர்கள் ரூத்தைத் தேடி வந்தார்கள். அவருக்கு வியாபாரம் கூடியது. ஐம்பத்து நான்கு வயதில், வாரந்தோறும் நகரத்தைக் கால்நடையாக அளந்த ஒரு பெண்ணின் உழைப்பைப் பற்றி அப்படிப் பேசியது அநியாயம். அதை இப்போது படித்தாலும் கோபம் வருகிறது.

எங்கள் வீட்டில் ஒரு பழைய ஆங்கிலேய வெள்ளிக் கடிகாரம் இருக்கிறது. வயதை எப்படி அறிவது?

கூட்டின் உட்புறத்தில் சிறு முத்திரைகள் இருக்கும். நல்ல வெளிச்சத்தில் லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஒரு காலைத் தூக்கி நடக்கும் சிங்கம் இருந்தால் அது 92.5 சதவீத வெள்ளி. சிறுத்தை முகம் லண்டன், நங்கூரம் பர்மிங்காம், வாளும் மூன்று கோதுமைக் கதிர்க்கட்டுகளும் செஸ்டர். லண்டன் சிறுத்தைக்கு 1821 வரை தலையில் கிரீடம் உண்டு, பிறகு இல்லை. இவற்றோடு ஒரு தனி எழுத்து இருக்கும். அது ஆண்டைக் குறிப்பது. அதே எழுத்து லண்டனில் இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறையும், மற்ற ஊர்களில் வேறு கால இடைவெளியிலும் திரும்ப வரும் என்பதால், எழுத்தின் வடிவத்தையும் சுற்றியுள்ள கட்டத்தின் வடிவத்தையும் சேர்த்தே அட்டவணையில் ஒப்பிட வேண்டும்.

பெரும்பாலோர் தவறும் இடங்கள் இரண்டு. முத்திரைகளோடு உள்ள இரண்டு மூன்று எழுத்துகள் கூடு செய்தவருடையவை, கடிகாரம் செய்தவருடையவை அல்ல. இன்னொன்று இன்னும் முக்கியம்: முத்திரை சொல்வது கூட்டின் வயதை மட்டும்தான். 485/786 போலக் கூடு மாறிய கடிகாரங்கள் ஏராளம். உள் இயந்திரத்தில் உள்ள பெயர், எண், வேலைப்பாடு ஆகியவற்றைப் பார்க்காமல் வயது சொல்பவரை நம்பாதீர்கள்.

அரசர் தலை முத்திரை இல்லை, போலியா?

அவசரப்பட வேண்டாம். அது வெள்ளிக்கு வரி கட்டியதற்கான அடையாளம். கடிகாரக் கூடுகளுக்கு 1798இல் அந்த வரி நீக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு கடிகாரம் வைத்திருந்தாலே வரி என்று ஒரு சட்டம் போட்டு (தங்கத்துக்கு 10 ஷில்லிங், வெள்ளிக்கு 2 ஷில்லிங் 6 பென்ஸ்), தொழிலே படுத்துப்போய், அதை ஓராண்டுக்குள் திரும்பப் பெற்றார்கள்.

‘ஆர்னால்டு, லண்டன்’ என்று பெயர் இருக்கிறதே?

பெயரை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். புகழ்பெற்ற லண்டன் பெயர்களைப் பொய்யாகப் பொறித்து விற்பது அந்தக் காலத்திலேயே இருந்தது. பேலன்ஸ் மேல் கொசுவர்த்திச் சுருள் போன்ற ஸ்பிரிங்கும் வெர்ஜ் அமைப்பும் இருந்து, மேலே ஆர்னால்டு குரோனோமீட்டர் என்று எழுதியிருந்தால் சந்தேகப்படுங்கள்.

சாவி கொடுப்பது, பராமரிப்பது எப்படி?

சாவியைத்தான் திருப்ப வேண்டும், கடிகாரத்தைத் திருப்பக்கூடாது. டிடென்ட் வகைக்குச் சட்டென்று ஒரு சுழற்சி கொடுத்தால் நின்றுவிடும், அல்லது தாவி ஓடும். தடை வந்ததும் நிறுத்துங்கள். உள்ளே கூம்பு வடிவ உருளையில் ஒரு சங்கிலி சுற்றியிருக்கும். சைக்கிள் சங்கிலியை நூல் தடிமனுக்குச் சுருக்கியது போல இருக்கும். இங்கிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் ஊரில் பெண்களும் சிறுமிகளும் அதன் கண்ணிகளை ஒவ்வொன்றாகக் கோத்தார்கள். அதை அறுத்துவிடாதீர்கள்.

வெள்ளியைப் பவுடர் போட்டுத் தேய்க்க வேண்டாம். முதலில் தேய்வது முத்திரைதான். மென்மையான பருத்தித் துணி போதும். கடலோர ஊர்களில் இருப்பவர்கள் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய பெட்டியில் வையுங்கள். வருடக்கணக்கில் ஓடாத கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டு, பழைய கடிகாரம் தெரிந்தவரிடம் முதலில் காட்டுங்கள்.

சென்னைக்கும் இந்தக் குடும்பத்துக்கும் தொடர்பு உண்டா?

உண்டு, மறைமுகமாக. ஆர்னால்டின் கடிகாரங்களைக் கடலோடிகளிடையே பரப்பியவர்களில் முக்கியமானவர் அலெக்சாண்டர் டால்ரிம்பிள். அவர் 1750களில் சிறுவனாகவே சென்னை வந்து ஜார்ஜ் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனி எழுத்தராக வேலை தொடங்கியவர். 1779இல் அதே கம்பெனியின் கடல் வரைபடப் பொறுப்பை ஏற்றார். கம்பெனிக் கப்பல்கள் பலவற்றில் ஆர்னால்டு குரோனோமீட்டர்கள் இந்தியாவுக்கு வந்து போயின.

485/786ஐ இப்போது எங்கே பார்க்கலாம்?

ரூத் 1943 டிசம்பரில், எண்பத்தொன்பதாம் வயதில், லண்டனுக்குத் தெற்கே பெடிங்டனில் இருந்த தம் வீட்டில் இறந்தார். சுடரைத் தாழ்த்தி வைத்திருந்த எரிவாயு விளக்கிலிருந்து கசிந்த நச்சுப்புகை காரணம். கடிகாரம் லண்டன் கடிகாரக் கலைஞர்கள் சங்கத்திடம் சேர்ந்தது. 1817இல் ஜான் ரோஜர் ஆர்னால்டு தலைவராக இருந்த அதே சங்கம். அவர்களுடைய அருங்காட்சியகம் 2015 முதல் தெற்கு கென்சிங்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்குள் இருக்கிறது; கட்டணம் இல்லை. ஹாரிசனின் ஐந்தாவது கடிகாரமும் அதே கூடத்தில்தான் இருக்கிறது.